பொத்தான் கைப்பேசியும் தொடுதிரைக் கைப்பேசியும்

"என்னதான் சொல்லுங்கள், அந்தப் பழைய நோக்கியாவைப் போல வராது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பதையும் பார்த்திருக்கிறோம். பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் சிரிப்பதிலும் நியாயம் உண்டு. ஆகவே இன்று அந்தப் பழைய பொத்தான் கைப்பேசியையும் இன்றைய திறன்பேசியையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம். கடைக்காரர் இவற்றை ஒரு கண்ணால் பார்ப்பார். விடிவதற்கு முன் எழுந்து பெரட்டுக்குப் போகிறவருடைய வீட்டார் வேறொரு கண்ணால் பார்ப்பார்கள். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது பார்வை.

கைப்பேசி வருவதற்கு முன்பு, தோட்டத்தில் தொலைபேசி என்றால் அது ஆபீசில் இருக்கும் பொருள். துரை பங்களாவில் ஒன்று இருக்கும், லயத்தில் இருக்காது. லயத்துக்குச் சேதி இரண்டு வழிகளில் வந்தது. நலம் விசாரிப்பு கடிதத்தில் வந்தது. சாவுச் சேதி தந்தியில் வந்தது. அதனால் தந்தி என்ற சொல்லைக் கேட்டாலே, பிரித்துப் படிப்பதற்கு முன்பே ஒப்பாரி தொடங்கிவிடும். கல்யாணச் சேதியும் தந்தியில் வரலாம் என்பது யாருக்கும் தோன்றாது. மலேசியாவில் அந்தத் தந்திச் சேவை 2012 ஜூலையில் நிறுத்தப்பட்டபோது, அது நின்றுபோனதைப் பலர் கவனிக்கவே இல்லை. அதற்குள் எல்லார் பையிலும் கைப்பேசி வந்துவிட்டது.

கையில் எடுத்துச் செல்லும் தொலைபேசியைக் கொண்டு முதன்முதலாகப் பேசியவர் மார்ட்டின் கூப்பர் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1973 ஏப்ரல் 3-ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி அவர் பேசினார். அவர் வேலை செய்த மோட்டரோலா நிறுவனம் அதைச் செப்பனிட்டு விற்பனைக்குக் கொண்டுவர மேலும் பத்தாண்டு ஆயிற்று. அப்படி வந்த கருவியின் எடை முக்கால் கிலோவுக்கு மேல்; விலை ஏறத்தாழ 4,000 அமெரிக்க டாலர். பத்து மணி நேரம் மின்னேற்றினால் அரை மணி நேரம் பேசலாம். நம் நாட்டில் நடமாடும் தொலைபேசிச் சேவை 1985-இல் 'அத்துர்' என்ற பெயரில் தொடங்கியது. அதுவும் பெரும்பாலும் கார்களில் பொருத்தும் பெட்டியாகத்தான் இருந்தது. அந்தக் கார்களில் ஒன்று தோட்டத்துக்குள் வந்தால் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். அவ்வளவுதான் நமக்கும் அதற்கும் இருந்த தொடர்பு.

1995-இல் இலக்கமுறைச் சேவைகள் வந்தன. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து முன்கட்டண சிம் அட்டை வந்தது. தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் கைப்பேசியில் நிகழவில்லை. இந்த அட்டையில்தான் நிகழ்ந்தது என்பது என் கருத்து. அதற்கு முன்பு, மாதக் கணக்குத் திறந்து, முன்வைப்புப் பணம் கட்டி, மாதா மாதம் வரும் பில்லுக்கு அஞ்ச வேண்டும். முன்கட்டண முறையில் அந்த அச்சம் இல்லை. சம்பள நாளில் பத்து வெள்ளிக்கோ முப்பது வெள்ளிக்கோ அட்டை வாங்கி, காசால் சுரண்டி, எண்ணை அழுத்தினால் போதும். பணம் தீர்ந்தால் பேச்சும் நின்றுவிடும், கடன் ஏறாது.

பணம் தீர்ந்த பிறகும் நம் மக்கள் பேசாமல் இருந்தார்களா என்ன? 'மிஸ் கால்' என்ற ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். ஒரு முறை மணியடித்து நின்றால் பஸ் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு முறை அடித்தால் உடனே கூப்பிடு. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அகராதி இருந்தது. கம்பெனிக்கு ஒரு காசு கிடைக்காது. சேதி மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். இதை எந்தப் பொறியாளரும் கண்டுபிடிக்கவில்லை. கையில் காசில்லாதவர்கள் கண்டுபிடித்தது இது.

இந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவைதான் நோக்கியா 3310-உம் 1100-உம். முதலாவது 2000-ஆம் ஆண்டிலும், இரண்டாவது 2003-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 3310 உலகம் முழுவதும் 12 கோடியே 60 இலட்சம் விற்றது. 1100 அதையும் மிஞ்சி 25 கோடிக்கு மேல் விற்றது. நோக்கியா நிறுவனத்தின் நூறாவது கோடிக் கைப்பேசி 2005-இல் விற்பனையானபோது, அது ஒரு 1100-ஆக இருந்தது. விற்ற நாடு நைஜீரியா.

நோக்கியா பின்லாந்து நாட்டு நிறுவனம். 1865-இல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. 1967-இல் ஒரு ரப்பர்த் தொழிற்சாலையும் ஒரு கம்பிவடத் தொழிற்சாலையும் அதனோடு இணைந்தன. அந்த ரப்பர்த் தொழிற்சாலை காலணிகளும் டயர்களும் செய்து புகழ்பெற்றது. நம் கையில் கைப்பேசியைக் கொடுப்பதற்கு முன்பு, நோக்கியா அந்நாட்டு மக்களின் காலில் ரப்பர் பூட்ஸை மாட்டிவிட்ட கம்பெனி. அந்த ரப்பர் எந்தத் தோட்டத்துப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்லாந்துக் குளிரில் ரப்பர் மரம் வளராது என்பது மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும்.

1100 கைப்பேசியை ஏன் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை? அதன் எடை 86 கிராம். பொத்தான்களின் மேல் ஒரே உறையாக மூடியிருந்ததால் தூசி உள்ளே போகாது. வியர்வைக் கையிலிருந்து நழுவாதபடி பக்கங்களைச் சொரசொரப்பாக அமைத்திருந்தார்கள். உச்சியில் ஒரு சிறு விளக்கு. செல்வந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு அந்த விளக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றியிருக்கலாம். இருட்டில் எழுந்து, நெற்றி விளக்கைத் தேடி, பாம்பு கிடக்கும் பாதையில் நடந்து போகிறவருக்கு அது விளையாட்டு இல்லை. அதில் விழிப்பு மணியும் இருந்தது. மணி அடித்து எழுப்பி, வழிக்கு விளக்கும் காட்டிய கைப்பேசி அது. இந்த மாதிரியை வளரும் நாடுகளின் சாதாரண மக்களை மனத்தில் வைத்தே அமைத்தார்கள். வேலை செய்யும் கையை நினைத்துச் செய்த கருவிகள் உலகில் அதிகம் இல்லை.

உறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய நோக்கியா கீழே விழுந்தால் மூன்று துண்டாகும்: மேல்மூடி ஒரு பக்கம், மின்கலம் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். பொறுக்கி எடுத்துப் பொருத்தினால் மறுபடியும் பேசும். அது பிரிந்து விழுந்ததுதான் அதைக் காப்பாற்றியது. விழுந்த வேகம் துண்டுகள் சிதறுவதிலேயே செலவாகிவிடும். உள்ளே இருக்கும் நுட்பமான பகுதிகளுக்குப் போவது குறைவு. இன்றைய திறன்பேசி ஒட்டி மூடிய ஒரே கட்டை. முகம் முழுவதும் கண்ணாடி. விழுந்த வேகம் போக இடமில்லாமல் கண்ணாடியைப் பிளக்கிறது. மாற்றக் கொடுக்கும் பணத்தில் அந்தக் காலத்துக் கைப்பேசி ஒன்றையே வாங்கிவிடலாம்.

மின்கலத்தின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 1100-இன் மின்கலம் 850 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு உள்ளது. இன்று விற்கும் பல திறன்பேசிகளின் மின்கலம் 5,000. ஏறத்தாழ ஆறு மடங்கு பெரிய தொட்டி! ஆனாலும் சின்னத் தொட்டி பல நாள் தாங்கியது. பெரிய தொட்டி இரவானால் காலியாகிறது. 3310-இன் திரையில் அகலத்தில் 84 புள்ளி, உயரத்தில் 48 புள்ளி, மொத்தம் 4,032 கரும்புள்ளிகள். சாதாரணத் திறன்பேசித் திரையில் இருபது இலட்சத்துக்கு மேல் வண்ணப் புள்ளிகள் ஒளிர்கின்றன. உள்ளே ஒரு கணினி ஓடுகிறது. நாம் தொடாத நேரத்திலும் அது கோபுரத்தோடு பேசிக்கொண்டே இருக்கிறது. தொட்டி பெரிதானாலும் குழாய் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது.

இவ்வளவும் பெரியவர்களின் கட்சிக்குச் சாதகமானவை. இனி அவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த அருமையான கைப்பேசிக்குத் தமிழ் தெரியாது.

கைப்பேசிக் குறுஞ்செய்தியின் முதல் வாழ்த்து 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அது. குறுஞ்செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து என்று வரம்பு வைத்தார்கள். அந்த 160 என்பது ரோமன் எழுத்துக்கான கணக்கு. தமிழ் போன்ற எழுத்துகளை அனுப்பினால் அதே இடத்தில் 70 குறிகள்தாம் அடங்கும். அவற்றிலும் ஒற்றெழுத்தின் புள்ளி தனிக் குறி, கொம்பும் காலும் தனிக் குறி. 'வணக்கம்' என்று எழுதவே ஏழு குறி ஆகிவிடும். பத்துச் சொல் எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அந்தப் பத்துச் சொல்லையும் எழுத வழியில்லை. நம் நாட்டில் அப்போது புழங்கிய கைப்பேசிகளில் பெரும்பாலானவை தமிழை எழுதவும் மாட்டா, காட்டவும் மாட்டா.

ஆகவே என்ன செய்தோம்? தமிழை ரோமன் எழுத்தில் எழுதினோம். 'வணக்கம்' என்று சொல்ல எட்டு ரோமன் எழுத்து. அந்தப் பன்னிரண்டு பொத்தான்களில் அதற்கு 13 முறை அழுத்த வேண்டும். எழுதி அனுப்பினாலும் 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றாகிவிடும். 'பழம்', 'பலம்', 'பாலம்' மூன்றும் ஒரே உருவில் வந்து நிற்கும். இளையவர்களுக்கு இது பெரிய இடையூறு இல்லை. மலாயும் ஆங்கிலமும் படித்தவர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் தமிழில் அழகாகக் கடிதம் எழுதக் கூடியவர்கள். ஊரிலிருந்து வந்த கடிதத்தை லயத்துப் பெண்களுக்குப் படித்துக் காட்டியவர்கள் அவர்கள்தாம். கைப்பேசி வந்ததும் கடிதம் நின்றது. மகன் அனுப்பிய குறுஞ்செய்தியைப் படிக்க, பேரப்பிள்ளையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. நேற்றுவரை படித்தவராக இருந்தவர், ஒரு கருவி வீட்டுக்குள் வந்த ஒரே காரணத்தால் படிக்காதவர் ஆனார். பழைய நோக்கியாவைப் பாராட்டும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குறையை நீக்க முனைந்தவர்களில் முன்னணியில் நின்றவர் நம் நாட்டவரே. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன், கணினியில் தமிழுக்காக 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கியவர். கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத அவர் அமைத்த 'செல்லினம்', 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. ஒலி 96.8 வானொலி அதற்குத் துணை நின்றது. வானொலியில் பேசுகிறவன் என்ற முறையில், இதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமைதான். ஆனால் அப்போதும், அனுப்புகிறவர் கைப்பேசியில் தமிழ் இருந்தாலும், பெறுகிறவர் கைப்பேசியில் இல்லாவிட்டால் பயன் குறைவு.

2007-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வந்தது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி வந்தது. இந்தத் தொடுதிரை முறையில் பொத்தான்கள் உண்மைப் பொருள்கள் அல்ல. திரையில் வரைந்த படங்கள். படத்தை மாற்றினால் எழுத்து மாறும். பன்னிரண்டு பொத்தான் என்ற சிறை இல்லை. தமிழுக்கு வழி திறந்தது இந்த இடத்தில்தான். தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்து நம்மை ஏமாற்றியது உண்மை. பின்னர் அது சரியாயிற்று. 2013-இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை சேர்த்து விற்கப்பட்டது. அதே ஆண்டில் வாட்சாப்பில் குரலைப் பதிந்து அனுப்பும் வசதியும் வந்தது. எழுதத் தெரிந்த தாய் தமிழில் எழுதினார். எழுதத் தெரியாதவர் பேசி அனுப்பினார். பேரப்பிள்ளையைக் கூப்பிடும் தேவை நின்றது. இன்னொன்றும் நடந்தது. நிலம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, நாலாபக்கமும் சிதறிப் போன தோட்டத்து மக்கள், தங்கள் பழைய தோட்டத்தின் பெயரிலேயே வாட்சாப் குழு வைத்து ஒன்றுகூடினார்கள். தோட்டம் வரைபடத்தில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது.

நோக்கியாவின் பிற்காலம் தமிழ்நாட்டோடும் தொடர்புள்ளது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் அந்நிறுவனம் பெரிய தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. கிராமத்து இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். தொடுதிரைப் போட்டியில் நோக்கியா பின்தங்கியது. கைப்பேசித் தொழிலை 2014-இல் மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. அந்த ஆண்டு நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையும் மூடப்பட்டது. தோட்டம் விற்கப்பட்டால் வேலை போகும் என்பது நமக்குத் தெரிந்த கதை. அங்கே அது வேறு உடையில் நடந்தது.

திறன்பேசி கொடுப்பதற்கு ஈடாக வாங்கிக்கொள்வதும் உண்டு. முன்பு கைப்பேசி வீட்டுக்கு ஒரு வசதி. இப்போது அது இல்லாவிட்டால் கதவு திறப்பதில்லை. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின் பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் வந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே திறன்பேசி. அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போனால் பாடம் இல்லை. அந்த ஆண்டில் சபாவின் பித்தாஸ் வட்டாரத்து மாணவி ஒருவர், அலை கிடைக்கும் இடம் தேடி மரத்தின்மேல் தங்கி இணையவழித் தேர்வு எழுதியதை நாடே பேசியது. பள்ளத்தில் அமைந்த தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு அது வியப்பாக இருந்திராது. கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் பேச்சு கேட்கும் என்று நாம் பழகியவர்கள். கடைக்குள் நுழைய மைசெஜாத்ராவில் பதிய வேண்டியிருந்த காலத்தில், பொத்தான் கைப்பேசி வைத்திருந்த பெரியவர்கள் வாசலில் தயங்கி நின்றதும் நினைவிருக்கும். அந்தப் பதிவு முறை 2022 மே மாதத்தோடு நின்றது. ஆனால் வங்கி, உதவித்தொகை, மருத்துவமனை முன்பதிவு என்று மற்றவை ஒவ்வொன்றாகத் திரைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

ஏமாற்றுவோரும் அதே திரைக்குள் வந்துவிட்டார்கள். பழைய கைப்பேசியில் 'உங்களுக்குப் பரிசு விழுந்தது' என்ற பொய்க் குறுஞ்செய்தி வரும். போனால் கொஞ்சம் பணம் போகும். திறன்பேசிக்குள் வங்கிக் கணக்கே இருப்பதால், இன்று போனால் சேமிப்பு மொத்தமும் போகும். பணம் பறிபோனது தெரிந்த உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு நிலையத்தின் எண் அது. இதை வீட்டில் உள்ள முதியவர்களுக்கு மனப்பாடம் செய்து வையுங்கள்.

மனப்பாடம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் பத்து இருபது எண்களாவது நம் நாவில் இருந்தன. இன்று திறன்பேசி அணைந்துபோனால், மனைவியின் எண்ணையே சொல்லத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சரி, பழைய நோக்கியாவையே திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கக் கூடும். அலைவரிசைகள் காத்திருப்பதில்லை. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர் ஒரு 1100-ஐ அங்கே எடுத்துச் சென்றால், அது மணி காட்டும், விளக்கும் எரியும், பேசாது. மலேசியாவில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. பெரியவர்களுக்குப் பொத்தான் கைப்பேசிதான் வசதி என்றால், 4ஜி அலையிலேயே குரல் செல்லும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். 3310 என்ற பெயரிலேயே 2017-இல் புதிய கைப்பேசியைக் கொண்டுவந்தார்கள். பெயரைப் பார்த்து மயங்காமல், எந்த அலையில் பேசும் என்று கேளுங்கள்.

அலமாரியில் கிடக்கும் பழைய கைப்பேசியைத் தூக்கி எறிவதற்கு முன்பு ஒன்று செய்யலாம். அதற்குள் காலமான தந்தையார் அனுப்பிய குறுஞ்செய்தி இருக்கலாம். பிள்ளை பிறந்த இரவு வந்த வாழ்த்து இருக்கலாம். காகிதக் கடிதம் இரும்புப் பெட்டியில் ஐம்பது ஆண்டு கிடந்தாலும் படிக்கலாம். மின்கலம் செத்த கைப்பேசியைப் படிக்க முடியாது. 1100-க்குப் பொருந்தும் மின்கலம் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. சிறிய வானொலிப் பெட்டிகள் சிலவற்றுக்கும் அதே மின்கலம்தான். பழைய மின்கலம் உப்பியிருந்தால் அதை மின்னேற்ற வேண்டாம். குப்பையிலும் நெருப்பிலும் போடாமல், மின்பொருள் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். புதிய மின்கலத்தைப் போட்டு, மின்னேற்றி, பொத்தானை அழுத்தித் திறந்து, உள்ளே இருக்கும் செய்திகளை நாள், நேரத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ரோமன் எழுத்தில் இருப்பதைத் தமிழில் எழுதுங்கள். பள்ளியா பல்லியா என்பது உங்களுக்குத்தானே தெரியும்.